செவ்வாய் உண்மையிலேயே ரிவர்ஸ் எடுக்குதா?

"செவ்வாய் வக்ரத்துல இருக்கு, வேலை மாறுறதைக் கொஞ்சம் தள்ளிப் போடு" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது நிஜமாவே பின்னாடி போகுதா?

கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால், செவ்வாய் வழக்கமாக ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கிழக்கே நகரும். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை அப்படியே நின்று, இரண்டு, இரண்டரை மாதம் மேற்கே போகும். பிறகு மறுபடியும் கிழக்கே திரும்பும்.

ஆனா செவ்வாய் தன் பாதையில் திரும்பவே இல்லை. சூரியனைச் சுற்ற பூமிக்கு 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். உள்வட்டத்தில் வேகமா ஓடுற நாமதான் அதை ஓவர்டேக் பண்றோம். எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து, அதே திசையில் போற லோக்கல் ட்ரெயினைத் தாண்டும்போது ஜன்னல் வழியா பாருங்க. லோக்கல் பின்னாடி போற மாதிரியே இருக்கும்.

பூமி அசையாது என்று நம்பிய டாலமி, இதை விளக்க பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டம் போட வேண்டியிருந்தது. 1543-ல் வெளியான புத்தகத்தில் கோபர்நிக்கஸ் பூமியையும் ஓட விட்டார். வக்ரம் புரிந்துவிட்டது.

2027 பிப்ரவரி 19-ஐ ஒட்டி ஒரு ஓவர்டேக் இருக்கு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாரம் ஒருமுறை மொட்டைமாடிக்குப் போங்க. சிவப்பா தெரியுற செவ்வாய், சிம்மத்தில் இருக்கும் மகம் நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கம்னு குறிச்சு வைங்க. வேலை மாறுறதைத் தள்ளிப் போடணுமான்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க.