வெட்டும் முன் எண்ணியவர்



காட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காட்டை எண்ணிப் பார்த்த ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன். டீட்ரிச் பிராண்டிஸ். 1824-இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். அங்கே தாவரவியல் கற்பித்தவர். 1856-இல் பர்மாவின் பெகு வட்டாரத் தேக்குக் காடுகளை அவர் பொறுப்பில் விட்டது ஆங்கில அரசு.

கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். மர வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். ஆனால், காட்டில் எத்தனை மரம் நிற்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை! பிராண்டிஸ் யானை மேல் ஏறினார். இடக்கையில் நான்கு குச்சிகள், வலக்கையில் ஒரு பேனாக்கத்தி. மரத்தின் பருமனுக்கு ஏற்ப நான்கு வகை. வகைக்கு ஒரு குச்சி. வழியில் ஒரு தேக்கு தென்பட்டால், அதற்குரிய குச்சியில் ஒரு கீறல். அடுத்த தேக்கு, அடுத்த கீறல். மலைமுகடுகளில் இப்படியே போய், அந்தக் கீறல்களிலிருந்து ஒரு கணக்குப் போட்டார். ஆறடிச் சுற்றளவு இருந்தால் அது முற்றிய மரம். அதற்கு அடுத்த வகை மரம் அந்தப் பருமனை எட்ட 24 ஆண்டு ஆகும். ஆகவே முற்றிய மரங்களில் 24-இல் ஒரு பங்குக்கு மேல் ஓர் ஆண்டில் கோடாரி படக் கூடாது!

பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்றபடியே சில ஆண்டு காயவிட்டு, பிறகுதான் சாய்த்து ஆற்றில் மிதக்க விடுவார்கள். அந்த வளையம் எந்த மரத்தில் விழ வேண்டும் என்பதை வியாபாரி முடிவு செய்யக் கூடாது, வனத்துறைதான் முடிவு செய்ய வேண்டும் என்று நின்றார் பிராண்டிஸ். வியாபாரிகளின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். அசையவில்லை.

அங்கிருந்த கரேன் மலைமக்கள் இடம் மாற்றி மாற்றிப் புனம் வெட்டி நெல் விதைப்பவர்கள். நெல்லோடு தேக்கையும் விதைக்கச் சொல்லி, வளர்ந்த கன்றுகளுக்குக் கூலி கொடுத்தார். தௌங்யா என்று உலகமெங்கும் பரவிய முறை அது. இதை முழுப் புகழ்ச்சியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில ஆண்டு கழித்துப் புனம் வெட்டிய குடும்பத்துக்குத் திரும்பி வரவேண்டிய நிலம், அரசுத் தேக்காகவே நின்றுவிட்டது. அவர் வேலை பார்த்தது ஒரு பேரரசுக்கு. அதை மறைக்க வேண்டியதில்லை.

1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை அதிகாரியானார். 1878-இல் அவர் முயற்சியில் டேராடூனில் வனப் பள்ளி பிறந்தது. அதே ஆண்டில் வந்த வனச் சட்டத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பேடன் பவல் என்ற அதிகாரி வாதிட்டார்: குடியானவன் காட்டில் விறகு பொறுக்குவதும் மாடு மேய்ப்பதும் அரசு காட்டும் சலுகை, எழுதிக் கொடுக்காதது உரிமை ஆகாது. பிராண்டிஸ் மறுத்தார். தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்தது உரிமைதான். அரசுக் காடு ஓர் அளவோடு இருக்கட்டும், பக்கத்திலேயே ஊருக்கென்று ஊர்க்காடு இருக்கட்டும் என்றார். சட்டத்தில் ஊர்க்காட்டுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது. பெரும்பாலும் அது ஏட்டோடு நின்றது.

நம் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். காடுகளில் கிராமத்தாருக்கு உரிமை உண்டு என்று இங்கிருந்த அதிகாரிகளே எதிர்த்து எழுதினார்கள். பிறகு பிராண்டிஸே இங்கு வந்தார். 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. இங்கும் ஊர்க்காடு வேண்டும் என்றே அவர் பரிந்துரைத்தார்.

சேலத்து மலைகளில் சுவாமி சோலைகளைக் கண்டு எழுதிவைத்தவரும் அவர்தான். சாமிக்கு விட்ட காடு, கிளைகூட ஒடிக்காத காடு. சட்டம் வருமுன்னே காட்டைக் காத்த மக்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு ஒரு வனத் தலைவரே சாட்சி!

1883-இல் ஓய்வு பெற்றார். எழுபது வயதுக்கு மேல் லண்டன் கியூ தோட்டத்தில் அமர்ந்து, உலர்ந்த இலைகளையும் பூக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, 'இந்திய மரங்கள்' என்ற பெருநூலை எழுதினார். 1906-இல் நூல் வந்தது; மறு ஆண்டு பான் நகரில் காலமானார். குடகில் வளரும் ஒரு பெருமூங்கில் வகை தாவரவியலில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவருடைய கணக்கை அரசுகள் எடுத்துக்கொண்டன, ஊர்க்காட்டை விட்டுவிட்டன. விட்டதைக் கேட்க 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வழி திறந்திருக்கிறது. சமூக வன உரிமைக் கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். மலையூர்களிலிருந்து வந்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் மேய்ச்சல் தடம் எது, தேன் எடுக்கும் பாறை எது, சாமி சோலை எது என்று தெரிந்த பெரியவர்களை உட்காரவைத்து எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக வையுங்கள். எழுத்து வேலைக்கு எங்கள் வாசகர் வட்டம் உடன் வரும்.