சித்திரங்குடி மயிலப்பனின் 42 நாட்கள்

கட்டபொம்மனும் ஜாக்சனும் சந்திச்ச கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். 1798 செப்டம்பர். குற்றாலத்துக்கு வரச் சொன்ன கலெக்டர் ஜாக்சன், அங்க பார்க்காம ஊர் ஊரா அலையவிட்டு, கடைசியா ராமநாதபுரத்துல பேட்டி கொடுத்தார். இடம், ராமலிங்க விலாசம் அரண்மனை. அது சேதுபதியோட அரண்மனை ஆச்சே, அன்னைக்கு வீட்டுக்காரர் எங்க போனார்?

சிறையில இருந்தார். முத்துராமலிங்க சேதுபதியை 1795 பிப்ரவரியிலேயே கம்பெனி பதவியிலிருந்து இறக்கி, திருச்சிக்குக் கொண்டுபோயிடுச்சு. அவருக்கு அந்த ஊர்ச் சிறை புதுசும் இல்ல. 1772ல நவாப் படையும் கம்பெனிப் படையும் ராமநாதபுரத்தைப் பிடிச்சப்போ, சின்னப் பையனா இருந்த அவரை அம்மாவோட அங்கதான் அடைச்சு வச்சாங்க.

இன்னைக்கு நம்ம ஆள் ராஜா இல்ல. அந்த ராஜாவுக்காக வாள் எடுத்த முதுகளத்தூர் பக்கத்துக்காரர், சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர்.

சேர்வைக்காரர்னா என்ன? மறவர் சீமையில படைத்தலைவர்களுக்கு இருந்த பட்டம். அந்தக் காலத்துல படைவேலைக்குச் சம்பளம் பெரும்பாலும் காசா வராது, நிலமா வரும். போர்னு ஓலை வந்தா ஆள் திரட்டிட்டுப் போகணும், மத்த நாள்ல விவசாயம். அதனால ராஜாவை இறக்கினா, அவரோட சேர்த்து இவங்க காலுக்குக் கீழ இருக்கிற மண்ணும் ஆட்டம் காணும். மயிலப்பனோட விசுவாசத்தைப் பத்திப் பேசுறவங்க இதைச் சொல்றதில்ல. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்த கதையும் இல்ல. மெக்சிகோ ஆட்சியில கலிஃபோர்னியாவோட வட பகுதிக்குப் படைத்தளபதியா இருந்தவர் மரியானோ வயேஹோ. பெரிய பண்ணைக்காரர். அமெரிக்கா வந்தா நல்லதுன்னு நினைச்சவர். 1846ல அமெரிக்கக் குடியேறிகள் அவர் வீட்டுக்கே வந்து அவரைக் கைது பண்ணாங்க. 1851ல வந்த சட்டம், நிலம் உன்னோடதுன்னு நீயே நிரூபிச்சுக் காட்டுன்னு சொல்லிடுச்சு. கடைசியில நிலத்துல பெரும்பகுதி போச்சு. வயேஹோ வழக்கு நடத்தித் தோத்தார். மயிலப்பனுக்குப் போக ஒரு கோர்ட்டும் இல்ல.

1799 ஏப்ரல் 24. முதுகளத்தூர்ல இருந்த கம்பெனிக் கச்சேரியை மயிலப்பனோட ஆட்கள் தாக்கி, ஆயுதங்களைப் பறிச்சாங்க. அடுத்து அபிராமம், அங்க கம்பெனியோட துணிக்கிடங்கு. அப்புறம் கமுதி, அங்க நெல் சேர்த்து வச்சிருந்த இடம். எதை அடிச்சாங்கன்னு கவனிங்க. ஆயுதம், துணி, நெல். கம்பெனிக்கு இந்தச் சீமை எதுக்குத் தேவைப்பட்டுச்சோ, சரியா அதுல கை வச்சாங்க. 42 நாள் அந்தப் பகுதி கம்பெனி கையில இல்ல. கட்டபொம்மனைத் தூக்குல போட்டது அதே வருஷம் அக்டோபர்ல. அதாவது பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை பானர்மேன் முற்றுகையிடுறதுக்கு முன்னாடியே இது நடந்து முடிஞ்சிடுச்சு. இவருக்கு ஒரு சினிமா கிடைக்கல, அவ்வளவுதான்.

கம்பெனிப் படையோட எட்டயபுரம் படையும் சேர்ந்து வந்துச்சு. கிளர்ச்சி அடங்கினாலும் மயிலப்பன் சிக்கல. தப்பிச்சுப் போய், பிறகு மருது சகோதரர்களோட சேர்ந்தார். 1801 அக்டோபர் 24ல திருப்பத்தூர்ல மருதுகளைத் தூக்குல போட்டாங்க. டிசம்பர் 1ஆம் தேதி, இனி யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு கவர்னர் எட்வர்ட் கிளைவ் உத்தரவு போட்டார். சேர்வைக்காரர்ங்கிற தொழிலே அன்னையோட முடிஞ்சுபோச்சு. 1802ல மயிலப்பனைப் பிடிச்சு அபிராமத்துல தூக்குல போட்டாங்க. அவர் துணிக்கிடங்கை அடிச்ச அதே ஊர்.

அடுத்த வருஷம் ராமநாதபுரம் சீமை ஜமீனா மாறுச்சு. முதல் ஜமீன்தாரிணி, சேதுபதியோட அக்கா மங்களேஸ்வரி நாச்சியார். தம்பி அப்பவும் சிறையிலதான். 1809 ஜனவரியில, சென்னையில, கைதியாவே இறந்தார்.

மங்களேஸ்வரி நாச்சியார் கதையை அடுத்த எபிசோடுல பேசுவோம்.