வீடு திரும்பும் வழி

தோட்டப் பிள்ளைகள் பலர் இன்று ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். மாலையில் கூட்டரசு நெடுஞ்சாலை முழுதும் நெரிசல். விரைவாக வீடு சேர என்ன வழி?

நெரிசலைத் தாண்டியதும் வேகத்தைக் கூட்டுவது பலரின் வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலியான சாலையில் 10 கிலோமீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 10 நிமிடம். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 7 நிமிடம். உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்துவது மூன்றே நிமிடம்!

அதே தூரத்தை நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 30 நிமிடம். நெரிசல் தணிந்து 40 ஆனால் 15 நிமிடம் போதும். ஆகவே, முடிந்தால் நெரிசலுக்கு முன்பே புறப்படுங்கள்; முடியாவிட்டால் சற்றுப் பொறுத்துப் புறப்படுங்கள்.

கைத்தொலைபேசியில் வழி பார்ப்பவர்கள், மோட்டார் சைக்கிள் என்று குறித்து, புறப்படுமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காருக்கு உகந்த வழியெல்லாம் நமக்கு உதவாது. கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையிலோ நமக்கென்றே தனிப்பாதை உண்டு, அதிலேயே செல்லுங்கள். மழைக்கு ஒதுங்கும்போது அந்தப் பாதையை மறித்து நிற்காதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வண்டியில் வரும் நேரத்தில் தொலைபேசியில் அழைத்து அவசரப்படுத்தாதீர்கள். சோறு ஆறிப்போனால் மறுபடி சுடவைத்துக்கொள்ளலாம்.