கிளை வெட்டும் முன் ஒரு நிமிஷம் மேலே பாருங்க!

சாம்பல் நிற முதுகு, மார்பில் குறுக்குக் கோடுகள், ஏறக்குறைய புறா அளவு. இப்படி ஒரு பறவை உங்க தெரு மரத்தில் உட்கார்ந்திருந்தா, அது வல்லூறாக இருக்கலாம். பருந்துன்னு நினைச்சுடாதீங்க, பருந்து இதைவிடப் பெரிசு.

வல்லூறுக்கு அடர்ந்த காடுதான் வேணும்னு இல்லை. தோப்பு, பூங்கா, வீட்டோரத்து மாமரம், வேப்பமரம் போதும். ஓணான், எலி, அணில், சின்னப் பறவைகள்தான் இரை. பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரை, ஆணும் பெண்ணும் சேர்ந்து உயரமான கிளைக் கவட்டில் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டும். உள்ளே புல் பரப்பும். மூணு, நாலு முட்டை இடும். அடைகாக்க ஏறத்தாழ மூணு வாரம். குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு மாதம்.

சிக்கல் இங்கதான். மழைக்கு முன்னாடி நாம கிளை வெட்டுவதும் இதே மாதங்களில்தான். கீழிருந்து பார்த்தா காக்கா கூடு மாதிரியே தெரியும். வெட்டிட்டா அந்த வருஷத்துக் குஞ்சுகள் போச்சு.

அதனால வெட்டும் முன் மேலே பாருங்க. கூடு இருந்தா, ஆபத்தில்லாத கிளையை ரெண்டு மாதம் விட்டுவைங்க. ஆபத்தான கிளைன்னா, வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்க. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி முட்டைகளை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம்.

போட்டோ வேணுமா? தூரத்திலிருந்தே ஜூம் பண்ணி எடுங்க. கூடு இருக்கும் இடத்தை மட்டும் பகிராதீங்க.