மிஸ்ஸுக்குப் பிடித்ததால் வந்த மார்க்கா?

(அரையாண்டு விடுமுறையின்போது நம் சங்கத்தின் பொது அரங்கில், பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்குமாக ஒரு சந்திப்பு நடந்தது. ‘சி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அதில் பேசியதன் எழுத்து வடிவம் இது.)

விடுமுறை நாளில் காலை பத்து மணிக்கே எழுந்து, குளித்து, இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் நன்றி. அவர்களை எழுப்பிவிட்ட அம்மாக்களுக்கு இரண்டாவது நன்றி.

கூட்டத்துக்கு முன்னால், பெயர் எழுதாமல் ஒரு சீட்டில் கேள்வி எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தோம். பாதிச் சீட்டுகளில் ‘சென்டம் எடுப்பது எப்படி’ என்ற கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல யூடியூபில் ஏராளமான பேர் இருக்கிறார்கள். ஆனால் மூன்று சீட்டுகளில் வேறு ஒரு கேள்வி இருந்தது. அதில் ஒன்றை அப்படியே படிக்கிறேன்: “எங்க மிஸ்ஸுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் மார்க் போடறாங்கன்னு கிளாஸ்ல சொல்றாங்க. முதல்ல கோபம் வந்துச்சு. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு.”

நான் பேச நினைத்து வந்தது வேறு. இந்தச் சீட்டைப் பார்த்த பிறகு இதைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்துவிட்டேன். காரணம், எனக்கு மார்க் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லும் பிள்ளைக்காகப் பேச வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். மார்க் கூடுதலாக வந்துவிட்டதோ என்று பயப்படும் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அம்மாவிடம் சொன்னால், “வந்தது வரட்டும், பேசாம இரு” என்பார்கள். தோழியிடம் சொன்னால், “பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட” என்பாள்.

இந்தப் பயத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. மார்க் என்பது ஒரு தகவல். நமக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்லும் தகவல். அதன் மேல் நம்பிக்கை போய்விட்டால், எங்கே உழைக்க வேண்டும் என்பதே தெரியாது. சில பிள்ளைகள், ‘எப்படியும் இது என் மார்க் இல்லை’ என்று படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். சில பிள்ளைகள் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘மிஸ்ஸுக்குப் பிடிக்கும்’ என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, கூடுதல் கவனம். கேள்வி கேட்கும்போது உங்களைப் பார்த்துக் கேட்பார். நீங்கள் தப்பாகச் சொன்னால் இன்னொரு வாய்ப்புத் தருவார். அமெரிக்காவில் ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த சோதனை 1968ல் புத்தகமாக வந்தது. சில பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, ‘இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப் போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் போலச் சும்மா எடுத்தவை. ஆண்டு முடிவில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அந்த ஆய்வு முறையைப் பற்றிப் பிற்பாடு நிறைய ஆட்சேபங்களும் வந்தன. ஆனால், ஆசிரியரின் நம்பிக்கை பிள்ளையைத் தொடும் என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்த வகையில் உங்களுக்கு வந்த மார்க் பொய் மார்க் கிடையாது. மிஸ் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தார், நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். கற்றது உங்களுடையது. இதில் அநியாயம் இருக்கிறது என்றால், அது கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு அதே கவனம் கிடைக்காததில்தான் இருக்கிறது.

இரண்டாவது, திருத்தும்போது வரும் சாய்வு. இது ஆசிரியருக்கே தெரியாமல் நடக்கும். தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920லேயே இதைக் கவனித்து எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்கு மதிப்பீடு போடும்போது, ஒரு குணத்தில் நல்லவன் என்று பட்டவனுக்கு மற்ற எல்லாக் குணங்களிலும் நல்ல மதிப்பீடே போட்டார்கள். வகுப்பிலும் அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தொகையிடலில் ஒரு பிள்ளை கடைசியில் ‘பிளஸ் சி’ போட மறந்திருக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளையாக இருந்தால், ‘இவளுக்குத் தெரியும், அவசரத்தில் விட்டிருக்கிறாள்’ என்று பேனா தாண்டிப் போய்விடும். சுமாராகப் படிக்கும் பிள்ளை என்றால் அதே இடத்தில் அரை மார்க் போகும்.

அதோடு, திருத்துவது என்பதே நாம் நினைக்கும் அளவுக்குத் துல்லியமான வேலை கிடையாது. 1913ல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே போட்டவரும் உண்டு, தொண்ணூறுக்கு மேலே போட்டவரும் உண்டு. கட்டுரைத் தாள்கூட இல்லை, கணக்குத் தாள்! அந்தப் பிள்ளையை அவர்களில் யாரும் பார்த்ததே இல்லை. ஆகவே, இரண்டு மூன்று மார்க் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பிரியம்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது, தெரிந்தே போடும் மார்க். எழுதாததற்கு எழுதியதாகப் போடுவது. இது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் முதல் இரண்டைவிட இது குறைவு. வகுப்பில் கிசுகிசுக்கிறவர்கள் எப்போதும் இந்த மூன்றாவதைத்தான் சொல்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் முதல் இரண்டு.

சரி, ஒரு ஆசிரியரின் பிரியம் உங்கள் எதிர்காலத்தில் எவ்வளவு மார்க்கைத் தொட முடியும்? கணக்கு வாத்தியார் என்பதால் கணக்குப் போட்டே சொல்கிறேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இயற்பியல், வேதியியலுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பொறியியல் கட் ஆஃப் 200க்குக் கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும். அப்படியானால் 90, 35, 35 என்று மொத்தம் 160 மார்க், உங்களை யாரென்றே தெரியாதவர் திருத்தும் தாளிலிருந்து வருகிறது. செய்முறையிலிருந்து 20. அதற்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். உங்கள் பள்ளி ஆசிரியர்கள் கையில் மட்டும் இருப்பது மிச்சம் 20. அதையும் வருகைப்பதிவு, உள்தேர்வு, ஒப்படைவு என்று பிரித்துத்தான் போட வேண்டும். பல பள்ளிகளில் வகுப்பு முழுவதற்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குக் கணிதத்தில் 80க்கு 20. கல்லூரியில் இந்தப் பங்கு இன்னும் கூடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40. ஆகவே இந்தக் கேள்வி பள்ளியோடு முடியாது. இப்போதே பதில் தெரிந்துகொள்வது நல்லது.

பொதுத்தேர்வுத் தாளை என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெயரும் பதிவெண்ணும் உள்ள முகப்புத்தாளைப் பிரித்துவிட்டு, ரகசிய எண் போட்டு, வேறிடத்து மதிப்பீட்டு முகாமுக்கு அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் ஒரே விடைக்குறிப்பு. ஆசிரியரும் மனிதர்தான், முகம் தெரிந்தால் கை சாயும் என்று தெரிந்துதான் இந்த ஏற்பாடே வந்தது. அதனால் உங்கள் மிஸ் கெட்டவர் என்று ஆகிவிடாது.

2021ல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று எடுத்து மார்க் போட்டார்கள். சிபிஎஸ்இ ஒரு படி மேலே போய், பள்ளிகள் இஷ்டத்துக்கு அள்ளிப் போடாமல் இருக்க, அந்தப் பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டு முடிவுகளில் சிறந்ததை அளவுகோலாக வைத்தது. அந்த ஆண்டுப் பிள்ளைகளைக் ‘கொரோனா பேட்ச்’ என்று கிண்டல் செய்தவர்கள் நம் குடியிருப்பிலேயே உண்டு. தேர்வு நடக்காதது அவர்கள் தப்பா? அதன் பிறகு அவர்கள் எழுதிய ஒவ்வொரு செமஸ்டர் தாளும் அவர்கள் சொந்தமாக எழுதியதுதான். மார்க் எப்படி வந்தது என்பதற்கு, அடுத்துச் செய்யும் வேலைதான் பதில்.

இப்போது, சந்தேகம் இருக்கிறவர்கள் என்ன செய்யலாம்? மிஸ்ஸின் மனதுக்குள் போய்ப் பார்க்க முடியாது. மார்க்கைச் சோதித்துப் பார்க்க முடியும்.

முதலில் அரையாண்டுத் தாளை எடுத்து வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் ஒரு மார்க் கேள்வி இருபது. அதில் சாய்வுக்கு இடமே இல்லை, சரி அல்லது தப்பு. அதில் 18, 19 எடுத்து, ஐந்து மார்க் கேள்விகளிலும் நன்றாக வாங்கியிருந்தால் நிம்மதியாக இருங்கள். ஒரு மார்க்கில் 11, ஐந்து மார்க்கில் மட்டும் முழுசு என்றால், அந்த ஐந்து மார்க் விடைகளை விடைக்குறிப்போடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

அடுத்து, முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதி, உங்களைத் தெரியாத ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். தமிழ், ஆங்கிலக் கட்டுரைகளுக்கு இது ரொம்ப முக்கியம். அங்கேதான் ரசனையும் கையெழுத்தும் விளையாடும்.

மூன்றாவது, மிஸ்ஸிடமே கேளுங்கள். “எனக்கு மார்க் போட்டுக்கொடுத்தீங்களா” என்று கேட்டால் அவர் மனசு நோகும். “மிஸ், இந்தத் தாளை வெளியில் யாராவது திருத்தினால் எங்கெங்கே மார்க் போகும்?” என்று கேளுங்கள். பிரியமுள்ள ஆசிரியருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சோதித்துப் பார்த்ததில் 92 வாங்கிய தாள் உண்மையில் 84தான் என்று தெரிந்தால்? வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த எட்டு மார்க் என்பது மார்ச்சுக்கு முன்னால் தெரிந்துவிட்டது, அது லாபம். கூட்டலில் தப்பு, எழுதாத கேள்விக்கு மார்க் என்று கண்ணுக்குத் தெரியும் பிழையாக இருந்தால், தாளைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். ஐந்து மார்க் போகும். வகுப்பில் வாய் பேசுகிறவர்கள் அடங்கிவிடுவார்கள்.

கிசுகிசுக்கிற பிள்ளைகளும் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசிரியர் ஒருதலையாக நடக்கிறார் என்று பட்டால், அந்த வருத்தம் நியாயமாகவே இருக்கலாம். அதை ஆசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ உங்கள் தாளைக் காட்டிக் கேளுங்கள். அந்தப் பிள்ளையைக் குத்தாதீர்கள். மார்க் போட்டது அவள் இல்லை.

பெற்றோருக்கு இரண்டே விஷயம். ‘எங்க மிஸ்ஸுக்கு இவன்னா உயிர்’ என்று லிப்டில் பெருமை பேசாதீர்கள். பிள்ளையின் உழைப்பை நாமே தள்ளுபடி செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டாவது, பள்ளியில் மார்க் போடும் ஆசிரியரிடமே டியூஷனுக்கு அனுப்பாதீர்கள். ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28வது பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். மாதாமாதம் கையில் பணம் வாங்குகிறவர் போடும் மார்க்கை உங்கள் பிள்ளையே நம்பாது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று வரும் பிரியம், ராத்திரியில் தனியாக மெசேஜ் அனுப்பும் பிரியம், மார்க்கைக் காட்டி எதையாவது கேட்கும் பிரியம் — இதெல்லாம் மார்க் விவகாரமே இல்லை. அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பெற்றோர்கள் முதலில் கேளுங்கள், பிறகு கோபப்படுங்கள்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. நம் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறோம். பொங்கல் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இதே அரங்கில் மாதிரித் தேர்வு வைக்கலாம் என்று செயலாளரிடம் பேசியிருக்கிறேன். தாளில் பெயர் கிடையாது, பிளாக் கிடையாது, ஒரு எண் மட்டும். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவோம். மார்க் யாருடையது என்று எங்களுக்கும் தெரியாது, வீட்டுக்கும் போகாது. உங்கள் எண்ணைச் சொல்லி நீங்களே வாங்கிக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அளவுகோல், பேனா, தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.