கல்லே காசாகும் யாப் தீவு

மேற்குப் பசிபிக்கில், குவாமுக்கும் பலாவுக்கும் இடையே இருக்கிறது யாப். மைக்ரோனேசியக் கூட்டாட்சியின் நான்கு மாநிலங்களில் ஒன்று. இங்கே ஊருக்குள் நுழைந்தால் பாதையோரத்தில் வட்ட வட்டமாகக் கற்கள் சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு துளை. சில முழங்கால் உயரம், சில ஆளைவிட உயரம், டன் கணக்கில் எடை. இவைதான் ராய் என்னும் கல் பணம்.

இந்தச் சுண்ணாம்புக் கல் யாப்பில் கிடையாது. 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பலாவுக்குப் பாய்மரத் தோணியில் போய், வெட்டி, துளையில் கழி செருகித் தூக்கி, நடுக்கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். போனவர் எல்லாரும் திரும்பவில்லை. அதனால் யார் கொண்டுவந்தது, வழியில் எத்தனை உயிர் போனது, பிறகு யார் யாருக்குக் கைமாறியது என்ற கதையெல்லாம் சேர்ந்துதான் ஒரு கல்லின் மதிப்பு. 1870-களில் டேவிட் ஓகீஃப் என்ற கப்பல் தலைவர் இரும்புக் கருவியும் பெரிய கப்பலும் கொடுத்து ஏராளமான கற்களை வரவழைத்தார். அளவில் பெரியவை; பழைய கற்களின் மதிப்பு மட்டும் அவற்றுக்கு வரவில்லை.

பெரிய கற்கள் இடம் மாறுவதும் இல்லை. திருமணமோ, நிலப் பேச்சோ, சண்டை தீர்ந்து சமாதானமோ, இனி இது இன்னாருடையது என்று ஊரறியச் சொன்னால் போதும். புயலில் கடலுக்குள் விழுந்த ஒரு கல்லைக்கூட, கண்ணால் காணாமலே, ஒரு குடும்பத்தின் சொத்தென்று ஊர் ஏற்றுக்கொண்டதாக வில்லியம் ஃபர்னஸ் 1910-இல் எழுதினார். கடைச் செலவுக்கு இன்று அமெரிக்க டாலர்தான்.

வாய்ச்சொல்லே பத்திரமாக இருக்கும் ஊரில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. யாருமில்லாத கடற்கரைக்கும் சொந்தக்காரர் உண்டு. கரையை ஒட்டிய ஆழமில்லாக் கடலுக்கும் உண்டு. அங்கே அம்பு வடிவில் கல் அணை கட்டியிருப்பார்கள். ஏற்றத்தில் உள்ளே வரும் மீன் வற்றத்தில் சிக்கிக்கொள்ளும். பிற ஊர் வழியே நடப்பவர் கையில் ஒரு பச்சை இலை வைத்திருப்பது வழக்கம். வம்புக்கு வரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பெரியவர்கள் அக்குளில் ஓலைக் கூடையை இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். உள்ளே பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு! நம்மவர் எவருக்கும் அந்தக் கூடையைப் பார்த்ததும் அந்நியம் பாதி விலகிவிடும்.

கடலுக்குள் போவோம். வடமேற்கே மீல் என்னும் கால்வாய். பவளத் திட்டுகளை வெட்டிக்கொண்டு போகும் அந்த நீரோட்டத்துக்கு மான்டா வருகிறது. நம் மீனவர்கள் கொம்புத் திருக்கை என்பார்களே, அந்த இனம். சிறகு விரித்தால் மூன்று நான்கு மீட்டர். பாறைமேல் வந்து அசையாமல் மிதக்கும். சின்னஞ்சிறு மீன்கள் கூட்டமாக வந்து அதன் உடம்பிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும். மூழ்குவோர் அடிமணலில் மண்டியிட்டுக் காத்திருந்தால் தலைக்கு மேலேயே கடந்து போகும். வெள்ளை வயிற்றில் உள்ள கரும்புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இராது. அதை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். 2008-இல் யாப் மாநிலம் இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. ஆனால் இந்தக் கடல் இன்றும் செழித்திருப்பதற்கு, இன்ன ஊராரின் நீர் என்ற பழைய கட்டுப்பாடே முதற் காரணம் என்பது என் எண்ணம்.

இதே மாநிலத்துச் சத்தவால் தீவில் பிறந்தவர்தான் மாவ் பியாய்லுக். 1976-இல் எந்தக் கருவியும் இல்லாமல், விண்மீனையும் அலையையும் பார்த்தே, ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு ஹோகுலேயா தோணியை வழிநடத்தியவர்.

போக விரும்பும் நேயர்கள் மார்ச் 1-ஆம் தேதி யாப் திருநாளை ஒட்டிப் போங்கள். ஆடலும் பாடலும் காணலாம், மான்டாவும் அப்போது மீலுக்கு வரும். குவாம் வழியாகப் போனால் அமெரிக்க விசா வேண்டும். தொடை தெரியும் உடை அங்கே மரியாதைக் குறைவு, முழங்காலுக்குக் கீழே வரும் துணி எடுத்துக்கொள்ளுங்கள். கல்லையோ ஆளையோ படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.