எட்டு மணிக்கு மேல வாங்க!



"ஒரு சின்ன நாடு தன் வானத்தைக் காக்க முதலில் தேவை புது விமானமா, போதுமான ஆளா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி சுவிட்சர்லாந்தைச் சொன்னார். "அவங்களோட எஃப்-5 டைகர் விமானமெல்லாம் 1970-களில் செஞ்ச ரகம், புதுசு வாங்கினாத்தான் பிழைப்பாங்க"ன்னார். தம்பி, சுவிட்சர்லாந்து வரைக்கும் போன நீங்க ஜெனிவாவுல இறங்காம வந்துட்டீங்களே! நான் இறக்கிக் காட்டறேன்.

2014 பிப்ரவரி 17, திங்கட்கிழமை விடியற்காலை. அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் போகிற எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம். உள்ளே 202 உயிர். விமானி கழிவறைக்குப் போனார். துணை விமானி கதவைத் தாழ்போட்டுட்டார்! கடத்தினவன் வெளியாள் இல்லீங்க, கூட உட்கார்ந்து ஓட்டின ஆள்! காலை 6 மணி வாக்குல ஜெனிவாவுல இறக்கி, ஜன்னல் வழியா கயிறு பிடிச்சு இறங்கி, "அடைக்கலம் கொடுங்க"ன்னார்.

அந்த விமானத்துக்குக் காவலா கூடப் பறந்து வந்தது யாரு? பிரான்ஸ் நாட்டுப் போர் விமானம். சுவிஸ்காரங்ககிட்ட எஃப்/ஏ-18 முப்பதுக்கு மேல இருந்துச்சு. ஏன் ஒண்ணுகூட எழும்பலை? ஆபீஸ் நேரம் ஆகலை! வார நாள்ல 8-லிருந்து 12 வரை, சாப்பிட்டுட்டு ஒன்றரையிலிருந்து 5 வரை. (சிரிப்பு)

சிரிக்காதீங்கம்மா. அவங்க வான்படைச் செய்தித் தொடர்பாளரே சொன்ன கணக்கு இது. காரணம் பணமும் ஆளும்னு அவரே சொன்னார். பிரான்ஸ் விமானம் கூட வரலாம், ஆனா சுவிஸ் வானத்துல சுட அதுக்கு உரிமை கிடையாது.

எங்க அப்பாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சுவலி. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பேர் வேண்டாம். வாசல்ல புத்தம்புது ஆம்புலன்ஸ், மாலைகூட வாடலை. டிரைவர்? "காலையில வருவார் சார்"னாங்க. ஆட்டோவுலதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அப்பா பிழைச்சார். ஆனா அந்த மாலையை என்னால மறக்க முடியலை.

சரி, சுவிஸ் என்ன செஞ்சது? அதே 2014 மே மாசம், 22 கிரிப்பென் விமானம் வாங்கலாமான்னு மக்களையே கேட்டாங்க. 53.4 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க! புது விமானம் வரலை. ஆனா ஆள் வந்தாங்க. 2016-ல வார நாள் காவல். 2017-ல ஞாயிறு, பண்டிகை உள்பட எல்லா நாளும். 2019-ல காலை 6 முதல் ராத்திரி 10 வரை. 2020 டிசம்பர் 31-லிருந்து 24 மணி நேரமும், ஆயுதத்தோட ரெண்டு எஃப்/ஏ-18, 15 நிமிஷத்துல கிளம்பத் தயார். எந்த விமானம்? அன்னிக்குத் தூங்கின அதே விமானம்! (கைதட்டல்) இதுக்குச் சுமார் 100 புது வேலையிடம் தேவைப்பட்டுச்சு. விமானி மட்டுமில்லீங்க, மெக்கானிக், ரேடார் பார்க்கிறவர், ஓடுபாதையைத் திறந்து வைக்கிறவர்னு எல்லாருக்கும் மூணு ஷிப்டு வேணுமே!

விமானத்துக்கும் வயசாகும், ஒத்துக்கறேன். 2020 செப்டம்பர்ல மறுபடி கேட்டப்ப 50.1 சதவீதம் 'சரி'ன்னாங்க. எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். நம்ம ஊர் வார்டு தேர்தல் மாதிரி! 36 எஃப்-35 விமானத்துக்குப் பேசினாங்க. 2025-ல, பேசின விலை நிலையான விலை இல்லைன்னு அமெரிக்கா சொல்லிடுச்சு. அந்தத் தலைவலியை எதிரணியே பேசட்டும். விமானம் வாங்க வேண்டாம்னு நான் சொல்லலை தம்பி. எதை முதல்ல செய்யணும்கிறதுதான் என் வழக்கு.

நடுவர் ஐயா மணி அடிக்கிறார். மணி பன்னிரண்டு ஆயிடுச்சோ? அப்ப மிச்சத்தை ஒன்றரைக்கு மேல வந்து சொல்றேன்.